ரைன்ஹார்ட் நிகழ்ச்சி: எங்கே தொடங்குவது? மைக் ஏன் கத்துது?

கேள்வி (காலாப்பட்டு): ஆஸ்திரிய நாடக இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட் பற்றி அரை மணி நேர மேடை நிகழ்ச்சி. எதில் தொடங்கலாம்? நடுவில் கபரே (பாட்டும் கேலியும் கலந்த சின்ன மேடை நிகழ்ச்சி) பாட்டு உண்டு. பாடகி பார்வையாளர் பக்கம் இறங்கினதும் மைக் கத்துது.

பதில் (முத்தியால்பேட்டை): 1901, பெர்லின்ல தொடங்குங்க. நடிகரா இருந்த ரைன்ஹார்ட் நண்பர்களோட ‘ஷால் உண்ட் ரௌஹ்’ கபரேயை ஆரம்பிச்சார். கேலி நாடகம்தான் சரக்கு. 1905இல் பெர்லினின் டாய்ச்சஸ் தியேட்டர் நாடக அரங்கம் அவர் கைக்கு வந்தது. 1920இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் அவர் போட்ட நாடகத்தை விட்டுடாதீங்க, பேராலய வாசலே மேடை! தெருக்கூத்து பார்த்தவங்களுக்குச் சட்டுனு புரியும். 1933க்கு அப்புறம் நாடுகடந்த வாழ்க்கை, 1943 நியூயார்க்கில் மரணம். ரெண்டு வரி போதும்.

பதில் (கடலூர் ஓ.டி.): பாடகி ஸ்பீக்கரைத் தாண்டி அதுக்கு முன்னால நடக்கிறாங்க, அதன் சத்தமே மைக்கில் திரும்ப ஏறுது. ஸ்பீக்கரை ரெண்டாவது வரிசைக்கு நேரா பக்கச் சுவரோரம் நகர்த்துங்க. அவங்க அதுக்குப் பின்னாலயே நிக்கட்டும். மைக் வாயிலிருந்து ரெண்டு விரல் தூரம். மைக்கோட தலையைக் கையால் பொத்தினா இன்னும் மோசமாகும். ஸ்டைலுக்காகப் பலர் அப்படித்தான் பிடிக்கிறாங்க.