விளையாடிய, விளையாடும் பெண்கள்: உங்கள் அனுபவம் என்ன?

நான் கடலூர்ப் பக்கம். பள்ளியில் படிக்கும்போது மாவட்ட அணி வரை கால்பந்து ஆடினேன். பெண்கள் விளையாட்டு என்றாலே எல்லோரும் அரைக்கால் சட்டையைத்தான் பேசுவார்கள், எங்களுக்கு அதைவிடப் பெரிய தொல்லை கழிப்பறை. மைதானத்தில் இருந்த ஒன்றுக்கும் பூட்டு, சாவி வாட்ச்மேனிடம், அவர் வருவதற்குள் பயிற்சியே முடிந்துவிடும். அதனால் மதியத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்து அந்த வெயிலில் ஓடுவோம். அணிக்கு வெள்ளை ஷார்ட்ஸ், மாதவிலக்கு நாட்களில் பந்தைப் பார்ப்பதா பின்பக்கம் பார்ப்பதா என்றே ஆட்டம் போய்விடும். கோச்சிடம் "வயிற்றுவலி சார்" என்போம், சாக்கு சொல்லாதே என்பார். கூட ஆடிய எத்தனையோ பேர் பிளஸ் டூவோடு நின்றுவிட்டார்கள், ஆடத் தெரியாமல் இல்லை. 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாடு முதல்முறையாக சீனியர் தேசியக் கோப்பையை வாங்கியது, அந்த அணியில் எங்கள் கடலூர் இந்துமதி கதிரேசன் இருந்தார். அன்றைக்கு நின்றுபோன அத்தனை பேரும் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

*

அக்கா சொன்ன கழிப்பறை விஷயம் அப்படியே எங்கள் கதை. நான் உடற்கல்வி ஆசிரியை, திண்டுக்கல் பக்கம் கபடி சொல்லித் தருகிறேன். முன்பெல்லாம் வீடு வீடாகப் போய்க் கெஞ்சி அழைத்து வருவேன். இப்போது அப்பாக்கள் கேட்பதே வேறு: "இதுல போலீஸ் வேலை கிடைக்குமா டீச்சர்?" அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது என்று சொன்னால் முகமே மாறுகிறது. இந்துமதியும் எஸ்.ஐ.தானே, 2020 ஊரடங்கில் சென்னையில் ரோட்டில் நின்று வேலை பார்த்தவர். அப்படிக் கேட்பதை நான் குறையாக நினைக்கவில்லை, சோறு போடாத ஆட்டத்தை எந்த அப்பா நம்புவார்? 2025-ல் கண்ணகி நகர் கார்த்திகா பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் கபடியில் தங்கம் வாங்கியபோது என் பிள்ளை ஒருத்தி, "அந்த அக்கா வீடும் நம்ம வீடு மாதிரிதானே டீச்சர்" என்றாள். அதற்கப்புறம் அவள் ஒரு நாள் பயிற்சியும் விடவில்லை.

*

சாந்தி சௌந்தரராஜனை விட்டுவிட்டுப் பேச எனக்கு மனம் வரவில்லை, நானும் புதுக்கோட்டைதான். செங்கல் சூளைத் தொழிலாளி வீட்டுப் பெண், 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார், பாலினச் சோதனை என்று சொல்லி அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். மருந்து சாப்பிட்டாரா, யாரையாவது ஏமாற்றினாரா? பிறந்த உடம்போடு ஓடினார், அவ்வளவுதான். ஒடிசா ஓட்டப்பந்தய வீராங்கனை டூட்டி சந்த் இதே போன்ற தடையை எதிர்த்து வழக்காடி 2015-ல் மறுபடி ஓட வந்தார், சாந்திக்காக அப்படி வழக்காட அன்றைக்கு யாரும் முன்வரவில்லை. போட்டி ஒன்றில் கிராப் வெட்டியிருந்த என் மகளைப் பார்த்து, பக்கத்தில் நின்ற ஒருவர் "இது பொண்ணுதானா?" என்று கேட்டார், சத்தம் போட்டுவிட்டேன். சாந்தி பிறகு அரசுப் பயிற்சியாளராகிவிட்டார், சரி, சந்தோஷம். ஆனால் அந்த வெள்ளிப் பதக்கத்தைத் திருப்பித் தரும்வரை நான் போகிற இடமெல்லாம் இதைக் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.