புதுப்பிப்பு: பழைய டெஸ்க்டாப்புக்கு எஸ்எஸ்டி, ஜென் 3 வாங்கி மாட்டியாச்சு

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. புதிதாகப் பார்ப்பவர்களுக்கு: ஏழு வருஷப் பழைய டெஸ்க்டாப்புக்கு 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பு டிரைவ்) வாங்க வேண்டும், வேகம் கூடிய ஜென் 4 தலைமுறை எடுக்கலாமா, அதற்கு முந்தைய ஜென் 3 போதுமா என்று கேட்டிருந்தேன்.

"முதலில் மதர்போர்டு கையேட்டைப் பாருங்கள்" என்றவரின் யோசனைதான் காசை மிச்சப்படுத்தியது. எஸ்எஸ்டியைச் செருகும் என் எம்.2 ஸ்லாட் ஜென் 3, நான்கு லேன் (தரவு போகும் பாதை). ஜென் 4 டிரைவும் அதில் ஓடும், ஆனால் நொடிக்குச் சுமார் 3,500 எம்பியைத் தாண்டாது. டிரைவின் அட்டைப்பெட்டியில் 7,000 என்று போட்டிருப்பதற்குப் பணம் கொடுத்து என்ன பயன்? டிராம் (டிரைவுக்குள் இருக்கும் தற்காலிக நினைவகம்) உள்ளதாகப் பாருங்கள் என்ற இன்னொருவர் பேச்சையும் கேட்டு, சனிக்கிழமை சென்னை ரிச்சி தெருவில் ஒரு ஜென் 3 வாங்கினேன். சோதனையில் வாசிப்பு வேகம் 3,400 வந்தது.

டிரைவைப் பிடித்து நிறுத்தும் குட்டித் திருகு அதோடு வரவில்லை. அது மதர்போர்டு பெட்டியில் வருவதாம். பெட்டியை எப்போதோ பழைய பேப்பர்காரரிடம் போட்டாச்சு. ஒரு திருகுக்காக மறுபடியும் ரிச்சி தெரு!

அப்புறம் நடந்ததுதான் வயிற்றைக் கலக்கியது. எஸ்எஸ்டி மாட்டியதும் பழைய ஹார்ட் டிஸ்க் காணவில்லை, பயாஸிலும் (கணினி தொடங்கும்போதே வரும் அமைப்புத் திரை) இல்லை. பத்து வருஷ ஃபோட்டோ அதில்தான். மறுபடி கையேடு: எம்.2-இல் டிரைவ் இருந்தால் ஹார்ட் டிஸ்க் கேபிள் செருகும் சாட்டா போர்ட்டுகளில் 5, 6-ஆம் போர்ட்டுகள் இயங்காது. கேபிளை 2-ஆம் போர்ட்டுக்கு மாற்றினேன், வந்துவிட்டது.

ஹீட்சிங்க் (சூட்டைத் தணிக்கும் உலோகத் தகடு) போடவில்லை. 100 ஜிபி காப்பி செய்தபோது 62 டிகிரி. மே மாத வெயிலில் பார்த்துக்கொள்ளலாம்.