14 இன்ச் லேப்டாப்பா 15.6 இன்ச்சா? டோம்பிவிலில இருந்து தினமும் மும்பை லோக்கல் டிரெயின்ல தூக்கிட்டுப் போகணும்

டோம்பிவிலி_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். இந்த வருஷம் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் ஃபர்ஸ்ட் இயர் சேர்றேன், காலேஜ் மாட்டுங்கால, வீடு டோம்பிவிலி ஈஸ்ட். ஸ்லோ டிரெயின்ல போறதுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகுது. லேப்டாப்புக்குன்னு அப்பா 60 ஆயிரம் சேர்த்து வச்சிருக்காரு. அவரு 15.6 தான் வாங்கணும்ங்கிறாரு, ஸ்கிரீன் பெருசா இருந்தாத்தான் கண்ணு கெடாதாம், நாலு வருஷம் அதையேதான பாக்கப்போறன்னு. அண்ணனோட ஃபிரெண்டு 14 போதும்னு சொல்றாரு. வீடு ஒன் ரூம் கிச்சன், தனி டேபிள் எல்லாம் கிடையாது, கட்டில்ல சாஞ்சுக்கிட்டோ இல்ல மடக்குற குட்டி மேஜைலயோ வச்சுத்தான் படிப்பேன். ஒரு பக்கம் நோட்ஸ் பிடிஎஃப், இன்னொரு பக்கம் புரோகிராம் கோடு, ரெண்டையும் ஒண்ணா திறந்து வைக்கணும். அப்பா காசு, ஒரு தடவைதான் வாங்க முடியும். தப்பா வாங்கிடக் கூடாதுன்னு பயமா இருக்கு, சொல்லுங்க.

கல்யாண்_பயணி:
தம்பி, நான் கல்யாண்ல இருந்து நாலு வருஷம் 15.6 தூக்கிட்டுப் போனவன். லேப்டாப் 2.2 கிலோ, சார்ஜர் கிட்டத்தட்ட அரை கிலோ, தண்ணி பாட்டில் ஒரு கிலோ, டிபன் பாக்ஸ், ஒரு புஸ்தகம், எல்லாம் சேர்ந்தா அஞ்சு கிலோவுக்கு வந்துடும். கடையில கையில எடுத்துப் பாத்தப்ப ஒண்ணுமே தெரியலை. லோக்கல்ல பையை முன்னாடி மாட்டிக்கிட்டு ஒரு கையால மேல பிடிச்சு நிக்கணும் பாரு, அங்கதான் தெரிஞ்சுது. செகண்ட் இயர்ல ஒரு மழை நாள், காட்கோபர்ல மெட்ரோ கூட்டம் மொத்தமும் ஏறுது, நான் கதவுப்பக்கத்துக் கம்பிக்கும் கூட்டத்துக்கும் நடுவுல, பை கம்பியில அழுந்துது, நகரவே முடியலை. கிளாஸ்ல திறந்தா இடதுபக்க மூலையில இருந்து மை கொட்டுன மாதிரி கறுப்பு பரவி இருக்கு. ஸ்கிரீன் பேனல் மாத்த ஏழாயிரம். அதுக்கப்புறம் அதைப் பாதி நாள் வீட்லயே வச்சுட்டுப் போயிட்டேன், லேப்ல நண்பன் மெஷின்ல எட்டிப் பாத்துதான் வேலை செஞ்சேன். தூக்கிட்டுப் போக மனசு வராத லேப்டாப் எவ்ளோ பெருசா இருந்து என்ன பிரயோஜனம். 1.5 கிலோவுக்குக் கீழ பாரு.

அளவுகோல்:
இன்ச்சுங்கிறது மூலைக்கு மூலை அளக்குறது, அதை மட்டும் பாத்தா ஏமாந்துடுவோம். 15.6 பெரும்பாலும் 16:9 விகிதத்துல (அகலம் 16 பங்குன்னா உயரம் 9 பங்கு) வரும், அகலம் 34.5 செமீ, உயரம் 19.4. இப்போ வர்ற 14 இன்ச்ல நிறைய 16:10, அகலம் 30.2, உயரம் 18.8. அதாவது உயரத்துல வித்தியாசம் வெறும் ஆறு மில்லிமீட்டர்! கோடும் பிடிஎஃப்பும் மேலருந்து கீழதான படிக்கிறோம், அங்க உயரம்தான் முக்கியம். ஆனா அதே 14 பழைய 16:9ல வந்தா உயரம் 17.4 தான், கிட்டத்தட்ட ஒன்றரை சென்டிமீட்டர் போச்சு. அதனால பெட்டியில ஸ்கிரீன் பிக்சல் அளவு 1920 x 1200ன்னு இருக்கான்னு பாரு, 1920 x 1080ன்னா வேண்டாம்.

அப்பா கண்ணைப் பத்தி கவலைப்படுறது நியாயமானதுதான், ஆனா கண்ணு வலிக்கிறதுக்கு முக்கியக் காரணம் எழுத்து சின்னதா இருக்கறது, வெளிச்சம் பத்தாதது, எதிரொளிக்கிற கண்ணாடி, இதெல்லாம்தான். விண்டோஸ் செட்டிங்ஸ்ல ஸ்கேல் 125 இல்ல 150 வச்சா எழுத்து பெருசாயிடும். ஐபிஎஸ் பேனல் (எந்தக் கோணத்துல பாத்தாலும் நிறம் மங்காத ஸ்கிரீன்), எதிரொளிக்காத மேட் ஃபினிஷ், வெளிச்சம் 300 நிட்ஸ்க்குக் (ஸ்கிரீன் வெளிச்சத்தை அளக்குற அலகு) குறையாம பாரு. 250 நிட்ஸ் ஜன்னல் பக்கம் உக்காந்தா மங்கலாத்தான் தெரியும்.

செம்பூர்_அக்கா:
நான் சிஏ ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட்டர் ஆபீஸ்ல பயிற்சி) பண்றேன், எங்கிட்ட இருக்கிறது 15.6. காரணம் நம்பர் பேட், கீபோர்டோட வலது பக்கம் இருக்குற தனி எண் கட்டைகள். நாள் பூரா எக்ஸெல்ல எண் தட்டுறேன், அது இல்லாம என்னால ஓட்ட முடியாது, அதனால பெருசு வாங்குறவங்க எல்லாம் தெரியாம வாங்குறாங்கன்னு சொல்ல வேண்டாம். ஆனா தம்பி உனக்கு அது வேண்டாம். நம்பர் பேட் இருந்தா எழுத்துக் கட்டை, டச்பேட் எல்லாம் இடதுபக்கம் தள்ளிப் போயிடும், கட்டில்ல மடியில வச்சு தட்டும்போது உடம்பே கோணலாத்தான் உக்காரும், எனக்கு வலது தோள்ல பிடிச்சுக்கிட்டது அப்படித்தான்னு நினைக்கிறேன். அதே சமயம் 14க்குக் கீழயும் போகாத. என் தம்பி 13.3 வாங்கினான், தூக்க சுகம், ரெண்டு விண்டோ பக்கத்துல பக்கத்துல வச்சா ஒரு வரி ரெண்டா மடியுது, கடைசியில ஒண்ணை மூடி ஒண்ணைத் திறந்துன்னு மாத்திக்கிட்டே இருப்பான்.

இன்னொண்ணு, போன்ல இருக்குற மாதிரி யூஎஸ்பி டைப் சி வழியா சார்ஜ் ஆகுதான்னு கேட்டுக்கோ, 65 வாட் சார்ஜர் கைக்குள்ள அடங்குறது கிடைக்குது. பின்னாடி காசு சேர்ந்தா ஒரு 24 இன்ச் மானிட்டர் வாங்கி சுவத்துல மாட்டிக்கலாம், ஒன் ரூம் கிச்சன்ல தரையில இடம் அடைக்காது.

டோம்பிவிலி_தம்பி:
ரொம்ப தேங்க்ஸ் அண்ணா, அக்கா. சனிக்கிழமை அப்பாவும் நானும் கிராண்ட் ரோட்ல இறங்கி கம்ப்யூட்டர் கடைங்க இருக்குற லாமிங்டன் ரோடு போனோம். பையில டிபன், பாட்டில், ஒரு மேத்ஸ் புஸ்தகம் எல்லாம் போட்டே கொண்டு போனேன். கடைக்காரர் 15.6 ஒண்ணையும் 14 ஒண்ணையும் பக்கத்துல பக்கத்துல வச்சாரு, ரெண்டுலயும் ஒரே பிடிஎஃப் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். அப்பா கண்ணாடியைக் கழட்டி, துடைச்சு, மாட்டிக்கிட்டு ரெண்டையும் மாறி மாறிப் பாத்தாரு. சின்னதுல ஸ்கேல் 150 வச்சதும் "இதுல எழுத்து நல்லா தெரியுதே"ன்னாரு. அப்புறம் 15.6ஐ என் பைக்குள்ள வச்சுப் பாத்தோம், ஜிப் மூடுறதுக்குள்ள போதும்போதும்னு ஆயிடுச்சு. அப்பா பையைத் தன் தோள்ல மாட்டிப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம கழட்டி வச்சுட்டு, சின்னதையே பில் போடச் சொல்லிட்டாரு. 14 இன்ச், 16:10, 1.4 கிலோ, 16 ஜிபி ரேம், 58 ஆயிரம். மீதி ரெண்டாயிரத்துல லேப்டாப்பைப் போட்டு வைக்க நல்ல ஸ்லீவ் (மெத்துன்னு இருக்குற உறை) ஒண்ணு வாங்கப்போறேன்.

ஒரே ஒரு சந்தேகம், மழைக்கு பை மேல ரெயின் கவர் போட்டா போதுமா, இல்ல உள்ளயும் ஏதாவது சுத்தணுமா?

கல்யாண்_பயணி:
ரெண்டும் வேணும். ரெயின் கவர் பையோட முதுகுப்பக்கத்தை மூடாது, சட்டை நனைஞ்சா தண்ணி அந்தப் பக்கமா உள்ள இறங்கும். லேப்டாப்பை ஸ்லீவோட ஒரு தடிமனான பிளாஸ்டிக் கவர்ல போட்டு வாயை மடிச்சு வை. பாட்டில் எப்பவும் வெளிப் பாக்கெட்ல.