கேரட் இலை முழங்கால் உயரம், கிழங்கோ பென்சில் கனம்

வணக்கமுங்க. கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்குப் பின்னால் நாலடிக்கு எட்டடி மேட்டுப்பாத்தி, கல் கலந்த செம்மண். கேரட் விதைத்து இன்றைக்கு 105 நாள் ஆகிறது. தழை மட்டும் செழிப்பாக நிற்கிறது, பிடுங்கிப் பார்த்தால் பாதி கிழங்கு இரண்டு மூன்று காலாகப் பிரிந்திருக்கிறது, மீதி சுண்டுவிரல் கனம்கூட இல்லை.

ஆவணியில் முதல் தடவை போட்டபோது வெயிலில் முளைப்பே சரியில்லை. அப்புறம் ஐப்பசிக் கடைசியில் அரை அங்குல ஆழத்துக்குள் விதைத்து, ஈரச் சாக்கு போட்டு மூடி, ஒன்பதாம் நாள் முளை தெரிந்ததும் எடுத்துவிட்டேன். நன்றாகவே வந்தது. இரண்டு அங்குல இடைவெளிக்குக் கலைத்தும் விட்டேன், பிடுங்கி நட்டது ஒன்றுகூட இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர், காலையிலிருந்து மூணு மணி வரை வெயில் விழும்.

விதைப்பதற்கு இரண்டு வாரம் முன்னால் நாலு கூடை ஆட்டு எரு போட்டேன், அது முழுதாக மக்கவில்லை என்பது இப்போது உறுத்துகிறது. நடுவில் இரண்டு தடவை மீன் அமிலமும் (மீனையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுக்கும் உரக் கரைசல்) ஊற்றினேன். விதை நான்டிஸ் ரகம், கடையில் பாக்கெட்டாக வாங்கியது. ஊட்டிக் குளிருக்குத்தான் அது சரிப்படும் என்கிறார் பக்கத்துத் தோட்டத்து அண்ணன்.

எங்கள் பக்கத்துச் செம்மண்ணில் கேரட் எடுத்தவர்கள் சொல்லுங்கள்: அடுத்த விதைப்புக்கு நான் முதலில் மாற்ற வேண்டியது ரகத்தையா, எருவையா?