ஒரு ஸ்டொப் குறைக்கிறது என்றால் எதை?

வயற்கரை:
இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயலில் நிற்கிற கொக்குகளைப் படம் எடுக்கிறேன். வெயிலில் கொக்கு வெறும் கடதாசி மாதிரி வருகிறது, இறகு ஒன்றும் தெரியவில்லை. ஸ்டூடியோ அண்ணா பார்த்துவிட்டு “ஒரு ஸ்டொப் குறைச்சு எடு தம்பி” என்றார், கலியாண வீட்டுக்கு ஓடிவிட்டார். எதைக் குறைக்கிறது, எவ்வளவு?

முல்லைக் கமரா:
ஒரு ஸ்டொப் குறைத்தால் வெளிச்சம் பாதி, கூட்டினால் இரண்டு மடங்கு, அவ்வளவுதான். ஷட்டரை, அதாவது வெளிச்சம் உள்ளே விழுகிற நேரத்தை, 1/500 செக்கனில் இருந்து 1/1000க்குக் கொண்டுபோனால் ஒரு ஸ்டொப் குறையும், ஐஎஸ்ஓவை (கமரா வெளிச்சத்தை உணர்கிற அளவு) 400இல் இருந்து 200க்கு இறக்கினாலும் அதேதான். ஆட்களைக் குழப்புவது அப்பெச்சர், அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழைகிற துவாரம்; எஃப் எண் கூடினால் துவாரம் சிறிதாகும். எஃப் 4இல் இருந்து எஃப் 8க்குப் போனால் பாதி இல்லை, கால்வாசி, ஏனென்றால் துவாரத்தின் விட்டம் பாதியானால் பரப்பு காலாகிவிடும் (பள்ளிக்கூடக் கணக்குத்தான்), ஆகவே அது இரண்டு ஸ்டொப், நடுவில் 5.6 இருக்கிறது. பறவைக்கு ஷட்டரிலேயே குறை தம்பி, செட்டை அடித்தாலும் கலங்காது.

குளக்கட்டு:
கமராவே வெளிச்சத்தை அளந்து வைக்கிற மோடில் எடுக்கிறீர் என்றால் +/- பொத்தானைப் பாரும். அநேக கமராக்களில் ஒரு சொடுக்குக்கு ஒரு ஸ்டொப்பில் மூன்றில் ஒரு பங்குதான் மாறும், அப்ப - பக்கம் மூன்று சொடுக்கு. கமரா பச்சை வயலை வைத்து அளப்பதால்தான் கொக்குக்கு வெளிச்சம் கூடுகிறது. வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளைச் சேலை என்றால் தலைகீழ், அங்கே கூட்ட வேண்டும்.

வயற்கரை:
சரி, விளங்கிவிட்டது. போனில்?

குளக்கட்டு:
அநேக போன்களில் அப்பெச்சர் மாறாது. திரையில் கொக்கைத் தொட்டுவிட்டு, பக்கத்தில் வருகிற சூரியக் குறியைக் கீழே இழும்.