மடிப்புத் தக்காளி விதை எந்த வழியாக வந்தது?

பாம்பன்காரன்:
மடிப்பு மடிப்பாக இருக்குமே, பழுத்த பிறகும் காம்புப் பக்கம் பச்சை மாறாதே, அந்தத் தட்டைத் தக்காளியைத்தான் சொல்கிறேன். எனக்கு விதை கொடுத்தவர் மண்டபத்து வாத்தியார் ஒருவர். அவருக்குக் கொடுத்தது தங்கச்சிமடத்து அப்பத்தா. தேடிப் போய்க் கேட்டேன். ஒரு பழத்தை நகத்தால் கீறி, விதையைக் காலண்டர் தாளில் இழுகிக்கொண்டே, "கப்பல்ல வந்ததுப்பா" என்றார். எந்தக் கப்பல் அப்பத்தா? "நட்டுத் தின்னுவியா, வெசாரணை பண்றே" என்று உள்ளே போய்விட்டார். 1964 புயலுக்கு முன் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குப் போன கப்பலா, பிறகு ராமேஸ்வரத்திலிருந்து போனதா? அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

உச்சிப்புளி மாடித்தோட்டம்:
கப்பலாவது, ஒன்றாவது! தட்டை உருண்டை, காம்பில் பச்சை என்றால் பி.கே.எம் 1 என்ற ரகம். பெரியகுளத்தில் அன்னஞ்சி நாட்டு ரகத்திலிருந்து உருவாக்கியது. எனக்குச் சந்தையில் பழம் விற்ற அம்மாவே சொன்னார், தேனிப் பக்கம் கட்டிக்கொடுத்த மகள் விதை கொண்டுவந்தாளாம்.

கீழக்கரை மருமகள்:
காம்புப் பச்சையை வைத்து முடிவு கட்டாதீர்கள். பழைய ரகங்கள் பலவற்றுக்கும் அது உண்டு. முழுப் பழமும் ஒரே சீராகச் சிவப்பதைப் பிற்காலத்தில்தான் தேடித் தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு இந்த விதை ஒரு கல்யாண வீட்டில், முந்தானை முடிச்சிலிருந்து கிடைத்தது. கொடுத்தவர் யார் என்று இன்றுவரை தெரியாது.

தாளில் இழுகுவதை விடுங்கள். சதையோடு இரண்டு மூன்று நாள் புளிக்க வைத்தால் வழவழப்பு கழன்றுவிடும். அலசி, நிழலில் காய வையுங்கள். தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். ஆனால் மடிப்புப் பழச் செடிகள் சிலவற்றில் சூலகமுடி (மகரந்தம் ஏற்கும் முனை) வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், வேறு ரகத்தின் மகரந்தம் கலந்துவிடும். விதைக்கு விடும் பூங்கொத்துக்கு வலைப்பை கட்டுங்கள். கோடையில் கிணறு உவர்த்தால் அந்தத் தண்ணீரை நாற்றுக்கு ஊற்றாதீர்கள். பொட்டலத்தின் மேல் கொடுத்தவர் ஊரையும் வருடத்தையும் எழுதுங்கள், இல்லையென்றால் நம் பேரனும் இப்படித்தான் அலைவான்.

மண்டபம் முகாம்:
நாங்கள் இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள். அம்மா முடிந்து கொண்டுவந்தது மிளகாய் விதை மட்டும். இந்தத் தக்காளியை இங்கே வந்துதான் பார்த்தோம் என்கிறார். அதனால் தலைமன்னார்க் கதையில் எனக்கும் சந்தேகம்தான்.

தொண்டி:
கப்பல் என்றாலே இலங்கையா? நம் மாவட்டத்து ஆட்கள் எத்தனை பேர் பர்மா போய் வந்தார்கள்! என் நன்னா காலத்து ஆட்களுக்கு அதுவும் கப்பல்தான். அப்பத்தா வீட்டில் ரங்கூன் போனவர்கள் உண்டா என்று கேளுங்கள். போகும்போது வெற்றிலை பாக்கு வாங்கிப் போங்கள், அப்போதாவது உட்கார்ந்து பேசுவார்.