கன்வெர்ட்டர் மாத்தணும்னு சொன்னாங்களா? உங்கள் வண்டியில் நடந்ததைச் சொல்லுங்கள்

2014 பெட்ரோல் ஹேட்ச்பேக், கோயம்புத்தூர்

மச்சானிடமிருந்து வாங்கிய வண்டி. கோத்தகிரி ஏற்றத்தில் இரண்டாம் கியரிலேயே திணறியது. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் முள் நகரவில்லை. சமதளத்தில் மெதுவாகப் போனால் ஒன்றும் தெரியாது. மச்சானிடம் கேட்டபோதுதான், வண்டி நிற்கும்போது ஐடிலில் என்ஜின் விட்டுவிட்டு ஓடும் மிஸ்ஸிங் இருந்ததையும் செக் என்ஜின் விளக்கு அவ்வப்போது மினுக்கியதையும் சாவகாசமாகச் சொன்னார்.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் போட்டதும் பி0420 என்ற எரர் கோடு வந்தது: என்ஜின் புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். "கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போச்சு சார், மாத்திடலாம்" என்று எஸ்டிமேட்டை நீட்டினார்கள். ஐம்பதாயிரத்துக்குப் பக்கம். அதே தாளில் பி0302 என்று இன்னொரு எரர் கோடும் இருந்தது. இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை. அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

எஸ்டிமேட்டை மடித்து வைத்துக்கொண்டு தெரிந்த மெக்கானிக்கிடம் போனேன். அவர் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் பிரஷர் கேஜை மாட்டினார். 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால்கூட அங்கே புகையின் அழுத்தம் 3 பிஎஸ்ஐயைத் தாண்டக் கூடாதாம். முள் 8-ஐத் தொட்டது. "மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடச் சொன்னா எப்படிங்க ஓடும்?" என்றார்.

கன்வெர்ட்டர் பெட்டியை இறக்கி டார்ச் அடித்துப் பார்த்தோம். உள்ளே இருக்கும் செராமிக் கட்டியில் வரிசை வரிசையாகப் பொடித் துளைகள் தெரிய வேண்டும். முன்பக்கத்தில் பாதிக்கு மேல் துளையே இல்லை; உருகி மூடிக்கொண்டு பளபளத்தது. ஓர் ஓரம் உடைந்து, பெட்டியை ஆட்டினால் கடகடத்தது.

கொலைகாரன் இரண்டாவது சிலிண்டரின் இக்னிஷன் காயில். சூடேறியதும் ஸ்பார்க் விட்டுப் போகும். எரியாத பெட்ரோல் அப்படியே கன்வெர்ட்டருக்குள் வந்து அங்கே எரியும். சாதாரணமாக 400 முதல் 800 டிகிரி செல்சியஸில் வேலை செய்கிற சாமான் அது. அந்த செராமிக் உருக 1,400 டிகிரிக்கு மேல் வேண்டும். அவ்வளவு சூடு அங்கே ஏறியிருக்கிறது. காயில், பிளக் மாற்றி, மிஸ்ஃபயர் திரும்பவில்லை என்று ஓட்டிப் பார்த்த பிறகே புது கன்வெர்ட்டர் போட்டோம். நேராக அதை மட்டும் மாற்றியிருந்தால் புதுசும் வெந்திருக்கும்.

செக் என்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் காட்டினால் போதும். மினுக்கினால் உடனே காலை எடுத்துவிட்டு ஓரம் கட்டுங்கள்.

செடான், மதுரை

அண்ணே, எனக்கும் அதே பி0420, அதே "மாத்திடலாம்". ஆனால் இழுவையில் குறையே இல்லை. அதனால் ஸ்கேனரில் லைவ் டேட்டா, அதாவது வண்டி ஓடும்போதே சென்சார்கள் தரும் அளவுகளைக் காட்டச் சொன்னேன். கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஓர் ஆக்ஸிஜன் சென்சார் உண்டு. முன் சென்சார் 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஆடிக்கொண்டே இருக்கும். கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் பின் சென்சார் 0.6, 0.7 பக்கம் அசையாமல் நிற்கும். என்னுடையது விழுந்து விழுந்து எழுந்தது. (முன்னால் ஆக்ஸிஜன் சென்சாருக்குப் பதிலாக ஏர்-ஃபியூல் சென்சார் வைத்த வண்டிகளுக்கு இந்த முன் சென்சார் கணக்கு செல்லாது.)

காலையில் ஸ்டார்ட் செய்ததும் அடியில் ஒரு டிக் டிக் சத்தம், என்ஜின் சூடானதும் காணாமல் போகும். குனிந்து பார்த்தால், பின் சென்சாருக்கு முன்னால் உள்ள ஃபிளேஞ்சில், அதாவது புகைக் குழாய் இணைப்பில், கரித் தடம். இணைப்பின் இடுக்கை அடைக்கிற கேஸ்கெட் போயிருக்கிறது. அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, சென்சாரை ஏமாற்றியிருக்கிறது. கேஸ்கெட்டுக்கு ஆன செலவைச் சொன்னால் சிரிப்பீர்கள். கோடு இதுவரை திரும்பவில்லை.

செகண்ட் ஹேண்ட் பிஎஸ்4, சென்னை

என் கதை தலைகீழ். பிக்கப் அருமை, ஆனால் சிக்னலில் நின்றால் கண் எரிகிற மாதிரி பெட்ரோல் வாடை. புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 1.8 சதவீதம், பிஎஸ்4 பெட்ரோல் காருக்கு ஐடிலில் 0.3-தான் அனுமதி. லிஃப்டில் ஏற்றி ரப்பர் சுத்தியால் தட்டினால் காலி டப்பா சத்தம். முந்தைய ஓனர் உள்ளே இருந்ததை இடித்து எடுத்துவிட்டு, வெளியே அழகாக வெல்டிங் வைத்திருக்கிறார்! பின் சென்சாரைப் புகையிலிருந்து சற்றுத் தள்ளி வைக்கிற ஒரு ஸ்பேசரும் போட்டிருந்தார், செக் என்ஜின் விளக்கு எரியாமல் இருக்க. பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் அடியில் குனிந்து அந்த வெல்டிங் கோட்டைப் பாருங்கள். "பிக்கப் வேணும்னா இடிச்சுடுங்க" என்று யோசனை சொல்பவர்கள் பின்சீட்டில் குழந்தையோடு அந்த வாடையில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

கோயம்புத்தூர், மறுபடியும்

மதுரைத் தம்பி சொன்ன கேஸ்கெட்டை என் மெக்கானிக்கும் முதலில் பார்த்தார், எழுத விட்டுப்போனது. இன்னொன்று: மாற்றினால் பழைய பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு இருக்கிறது, செராமிக் உருகியிருந்தாலும் உலோகம் ஆவியாகிப் போய்விடாது. "நாங்களே டிஸ்போஸ் பண்ணிடறோம் சார்" என்று சர்வீஸ் சென்டரில் ஏன் அவ்வளவு அக்கறையாகச் சொன்னார்கள் என்று அப்புறம் ஸ்கிராப் கடையில் விலை கேட்டபோது புரிந்தது.